படகுக்காரனைக் காணோம்

கே.ஜி.கண்டிகை,
பிப்ரவரி 9, திங்கள்.

அன்புள்ள பெர்சிஸுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். முறைப்படி எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, பொறுத்துக்கொள்.

மூன்று ஞாயிறாக நீ நம் ஆன்லைன் விளையாட்டுக்கு வரவில்லை. போன் செய்தால், "டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருக்கேங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறேன். காகிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாது, நடுவில் வைத்துவிடவும் முடியாது.

உனக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டேன், அதுதான். நவம்பரில் கேட்டபோது லீவு தரவில்லை என்றாய். டிசம்பரில் லீவு கிடைத்தது, டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். ஜனவரியில் கேட்டால், கூட வேலை செய்யும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, அவளுக்குப் பதில் நின்றேன் என்றாய். மூன்றையும் வரிசையாக வைத்து, இதில் எது நிஜம் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாய். கல்யாணமாகி எட்டாவது மாதம் விமானம் ஏறினவள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை. எப்போது வருவாய் என்று கேட்பது குற்றமா?

சரி, அதைப் பிறகு பேசிக்கொள்வோம். முதலில் ஊர்ச் செய்தி.

தை கிருத்திகைக் கூட்டத்தில் இரண்டு நாள் மோட்டார் ரிப்பேர் கடையைத் திறந்தும் திறக்காத மாதிரிதான். காவடிக்காரர்கள் வருகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கமே வண்டியை விடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எரிந்துபோன மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டா வருவார்கள்? அது முடிந்ததும் கரும்பு. திருவாலங்காட்டு மில்லுக்குப் போகிற டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, நான் பின்னால் நின்று புகை குடிக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சபைக்குப் புது ஆயர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் பிரசங்கத்தை எங்கே முடிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். பெர்சிஸ், இதை எழுதினது யார்? அந்த ஆள் கையில் கிடைத்தால் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் மெஷினில் வைத்துச் சுற்றிவிடுவேன். முதல் அத்தியாயத்தில் தோர்பன் என்ற கொல்லன் செத்தான். நீயும் நானும்தான் அவனைப் புதைத்தோம். நீ வில்லைக் கீழே வைத்துவிட்டு மண் போட்டாய், நான் கேடயத்தால் தள்ளினேன். நாலாவது அத்தியாயத்தில் சந்தைக்குப் போனால் அதே தோர்பன் அதே மீசையோடு நின்று, கவசம் வேண்டுமா என்கிறான்! சந்தையில் ஒருத்தருக்கும் ஆச்சரியம் இல்லை. அவன் பெண்டாட்டி மட்டும் அடுத்த தெருவில் இன்னும் கறுப்புத் துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போகலாம் என்றால், அதற்கு விளையாட்டில் வழியே இல்லை.

காட்டு ஜனங்களுக்கு இரும்பு பட்டால் உயிர் போய்விடும் என்று நமக்குப் பாடம் எடுத்தார்கள். அவர்களைக் கொல்ல மனம் வராமல் நீ இரும்பு அம்பையெல்லாம் விற்றுவிட்டு மர அம்பு வாங்கினாய். காட்டுக்குள் போனால் அவர்களுடைய தளபதி தலையிலிருந்து கால் வரை இரும்புக் கவசத்தில் நிற்கிறான். கேட்டால் அவன் பெரிய வீரனாம். வீரனுக்கு மட்டும் இரும்பு வேறு மாதிரி வேலை செய்யுமா? கரண்டு என் மேல் பட்டால்தான் ஷாக், பெரிய மெக்கானிக் மேல் பட்டால் ஷாக் இல்லை என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்?

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். ராணி இல்வேனாவைத்தான் விட முடியவில்லை. அவள் ஏழு வருஷம் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து முடி சூடினாள் என்று துறைமுகக் கல்லில் வெட்டியிருக்கிறது. துறைமுகத்தில் நிற்கும் படகுக்காரனோ, இந்தக் கடலைத் தாண்டிப் போன எவரும் இதுவரை திரும்பினதில்லை என்று போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொல்கிறான். அரண்மனைப் பாட்டில் அவள் கப்பல் ஏறுவதற்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போகிறாள். போனாளா, போகவில்லையா? வந்தாளா, வரவில்லையா? ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டாமா?

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனத்தோடு வசனத்தை வைத்து ஒத்துப்பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் வேறொன்றும் இருந்தால், எழுதினவர்கள்மேல் தப்பில்லை, நாம்தான் சரியாகப் படிக்கவில்லை என்று வளர்ந்தவன். அதே பழக்கத்தில் இதையும் படித்தேன். ஒரே பெயரில் இரண்டு ராணிகள் இருந்திருக்கலாம் என்று பார்த்தேன். காய்ச்சலில் செத்தது தோழி என்று வைத்துப் பார்த்தேன். படகுக்காரன் ராணி திரும்பின பிறகு பிறந்தவன், அவனுக்கு விஷயம் தெரியாது என்று வைத்தேன். ஒன்றை இழுத்து மூடினால் இன்னொரு பக்கம் திறந்துகொள்கிறது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ராணி வந்தாளா ராணி வந்தாளான்னு பேசிக்கினே கீறியே, என் மருமவ எப்ப வரான்னு கேட்டியாடா?" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கும் சூர்யபிரகாஷிடம் கொண்டுபோனேன். நம் குழுவில் மந்திரவாதியாக வருவானே, அவன்தான். அவன் சிரித்துவிட்டு, "ஒரு அத்தியாயத்த ஒருத்தன் எழுதுவான், அடுத்தத வேற ஊர்ல இன்னொருத்தன் எழுதுவான். இவன் எழுதனத அவன் படிச்சிருக்கவே மாட்டான். நீ என்னாத்துக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கினு கீற?" என்றான். எனக்கு அது பொறுக்கவில்லை. யாராவது ஒருத்தருக்கு முழுக்கதையும் தெரிந்திருக்க வேண்டாமா? நேராகக் கம்பெனிக்கே எழுதினேன். கல்வெட்டு இப்படிச் சொல்கிறது, பாட்டு இப்படிச் சொல்கிறது, படகுக்காரன் இப்படிச் சொல்கிறான், எது நிஜம் என்று விளக்கமாகக் கேட்டேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, சரிசெய்கிறோம் என்று பதில் வந்தது. கூடவே என் விளையாட்டுக் கணக்கில் காசுக்குப் பதிலாகச் செலவழிக்கும் ஐம்பது பச்சைக்கல்லும் போட்டார்கள். கடையில் வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

அடுத்த வாரம் என்ன சரிசெய்தார்கள் தெரியுமா? படகுக்காரனைத் தூக்கிவிட்டார்கள். கல்வெட்டு அப்படியே இருக்கிறது, பாட்டும் அப்படியே இருக்கிறது. கேள்வி வராமல் இருப்பதற்கு அந்த ஆளையே எடுத்துவிட்டார்கள், படகோடு! கடைசி அத்தியாயம் முழுக்கக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இப்போது ஒருத்தரும் போக முடியாது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் அந்தத் துறைமுகத்தில் கூட்டமாக நின்று திட்டுகிறார்கள். புகார் எழுதினது நான்தான் என்று சூர்யபிரகாஷுக்கு மட்டும் தெரியும். "இப்ப திருப்தியா உனுக்கு? நோண்டி நோண்டிக் கேட்ட, படகையே எடுத்துட்டான் பாரு" என்றான்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். கடைசியாக நாம் விளையாடின ஞாயிறு, தோல் விற்றுவிட்டு வருகிறேன் என்று நீ மட்டும் படகில் அக்கரைச் சந்தைக்குப் போனாய். அங்கேயே விளையாட்டை மூடிவிட்டாய். உன் வில்லாளி அந்தப் பக்கம் நிற்கிறாள், நான் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் நிற்கிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அந்தக் கரையில் வெகுநேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வியாழக்கிழமை பள்ளிப்பட்டிலிருந்து அம்சா அக்கா வந்தார்கள். உன் வார்டில் கூட வேலை செய்கிறாளே தமிழ்செல்வி, அவளுடைய அம்மா. விசைத்தறி மோட்டார் எரிந்துவிட்டது, இரண்டு நாளில் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். தமிழ்செல்வி கிறிஸ்துமஸ் லீவில் வந்து போனாளாமே, இப்போதுதான் கேள்விப்பட்டேன் என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்புறம் சொன்னார்கள்.

"உம் பொண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் தம்பி லீவு குடுத்தாங்க. ஒரே ப்ளைட்டு. பொட்டியெல்லாம் கட்டி வச்சிக்கினு, கெளம்பற அன்னிக்குக் காலைல நான் வரல, நீ போன்னுச்சாம். என்னாடின்னு கேட்டா ஒரே அழுகையாம். வீட்டுக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன்டி, அவரு ஒரே ஒரு தடவ இருன்னு சொன்னா போதும், நான் இருந்துடுவேன், அப்புறம் இத்தன நாள் பட்டதெல்லாம் வீணாப் போயிடும்னு சொல்லுச்சாம்" என்றார்கள்.

பாதி பிரித்த மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா பயந்துபோய், "நான் சொல்லக்கூடாதத எதனா சொல்லிட்டனா தம்பி?" என்றார்கள். இல்லைங்க என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் கோபம் வந்தது. லீவு இல்லை, டிக்கெட் இல்லை, கூட இருப்பவளுக்கு உடம்பு சரியில்லை என்று எத்தனை கதை! ஒன்றுக்கொன்று ஒட்டாத கதைகளை வைத்துக்கொண்டு மூன்று மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேனே. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் எல்லாம் விளங்கியிருக்குமே. என்னிடம் சொல்வதற்கு உனக்கு என்ன? நான் யார் உனக்கு? அன்று உன்மேல் அவ்வளவு கோபம். கடையைச் சாத்திவிட்டு வரும்போது அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், பொய் சொல்லமாட்டேன். நீ வந்திருந்தால் நான் இரு என்று சொல்லியிருப்பேன். முதல் நாள் சொல்லியிருக்கமாட்டேன், போகிற நாள் நெருங்க நெருங்கக் கட்டாயம் சொல்லியிருப்பேன். நீ பயந்தது சரிதான். ஐசியூ நர்ஸ் ஆகவேண்டும் என்று நீ எத்தனை பரீட்சை எழுதினாய், எத்தனை வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தாய் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என்னாலும் கடையையும் அம்மாவையும் விட்டுவிட்டு அங்கே வந்து உட்கார முடியாது. இதற்கு இப்போது என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் பரவாயில்லை, இருக்கட்டும்.

ஈஸ்டருக்கு வா, பெர்சிஸ். என்ன காரணம், எது நிஜம் என்று இனிமேல் கேட்கமாட்டேன். வருவதற்கும் போவதற்கும் சேர்த்தே டிக்கெட் எடு. என்றைக்குத் திரும்பிப் போகிறாய் என்பதை முதலில் எனக்குச் சொல், வருகிற நாளைப் பிறகு சொன்னால் போதும். அன்றைக்கு வண்டியை நானே ஏற்பாடு செய்வேன், உன் பெட்டியை நானே கட்டுவேன், மீனம்பாக்கத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன். நீ அழுதாலும், போகமாட்டேன் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும், உன்னை வாசலுக்கு உள்ளே விட்டுவிட்டுத்தான் திரும்புவேன். இரு என்ற ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. அம்மாவிடமும் சொல்லி வைத்துவிட்டேன். "நான் எதுக்குடா சொல்லப் போறேன், புள்ளைய கண்ணால பார்த்தாப் போதும். நீ மொதல்ல அழுவாம இரு" என்றாள்.

தைரியமாக வா. வருகிற வழியிலும் திரும்பிப் போகிற வழியிலும் ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும்.

உன்னைத் திரும்ப அனுப்பிவைக்கக் காத்திருக்கும்,
ஸ்டீவன்