ஈரச் சாக்கால் அழித்த நிறுவல்

இன்று காலை வெள்ளவத்தையில் நல்ல மழை. காலி வீதி நெரிசலில் என் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கொன்டெயினர் லொறி நின்றது. அதன் துருப்பிடித்த பக்கத்தில் யாரோ வெண்கட்டியால் எழுதியிருந்த எண்கள் மழையில் கரைந்து வழிந்தன. உன்னோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது, மச்சான்.

பல்கலைக்கழகத்தில் ஒன்றாய்க் கணிதம் படித்தோம். பிறகு நீ உன் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து ஒருகொடவத்தை கொன்டெயினர் யார்டுக்குக் கிளார்க் வேலைக்குப் போனாய். நான் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து, ரியூஷன் கொடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் ஆய்வுக்கு இடம் தேடினேன். சொந்தமாக ஒரு தேற்றத்தின் நிறுவலை அனுப்பினால்தான் இடம் தருவார்கள். ஆனால் யுத்த காலம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு அம்புக்குறி நிறைந்த கணிதத் தாள்களையும் வைத்திருந்தேன் என்று சோதனைச் சாவடியில் என்னை ஒரு பகல் முழுக்க இருத்திவிட்டார்கள். “இனித் தாளே வேண்டாம்” என்றாய். அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து நீ யார்டுக்கு வருவாய், நானும் வருவேன். வெற்றுக் கொன்டெயினரின் பக்கம் எங்கள் கரும்பலகையானது.

விதிகளின் கூட்டம் ஒன்று ஒரு வெளியின் புள்ளிகளை ஓயாமல் அசைக்கிறது. புள்ளிகள் போய்வந்த தடங்களை மட்டும் காட்டினால், அல்லது அந்த அசைவுகளால் கட்டிய அட்சரகணிதத்தை மட்டும் காட்டினால், அசைத்த கூட்டம் எதுவென்று சொல்ல முடியுமா? இதுதான் எங்கள் கேள்வி. நீ அதைக் கிரேனைக் காட்டியே விளக்கிவிடுவாய்.

“பெட்டியள் கிடக்கிற கிடையைப் பாத்தே எந்த டிரைவர் தூக்கினவன் எண்டு சொல்லுவன். சிலபேரைக் கண்டுபிடிக்கவே ஏலாது. சிலபேருக்குக் கை விறைப்பு, ஒளிக்கத் தெரியாது.”

எல்லாக் கூட்டத்தையும் கண்டுபிடிக்கலாம் என்று நிறுவிவிட்டதாகத் துள்ளிக் குதித்த அந்த ஞாயிறு, வாசலில் ஆமி ட்ரக் வந்து நின்றது. நீ என் முகத்தை ஒருதரம் பார்த்தாய். வாளியில் சாக்கை நனைத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டாய். உள்ளே வந்த சிப்பாய் ஈரச் சுவரைப் பார்த்து, “மொகத்த லிவ்வே?” என்றான். என்ன எழுதினாய் என்று சிங்களத்தில் கேட்கிறான். “பெட்டி கணன், மஹத்தயா” என்று இளித்துக்கொண்டே சொன்னாய். பெட்டிக் கணக்காம்!

அவர்கள் போனதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “என்ர எதிர்காலத்தையே அழிச்சுப்போட்டாய்” என்று கத்தினேன்.

நீ வெண்கட்டியை என் கையில் வைத்தாய். “உண்மையா நிறுவினதெண்டா திரும்ப எழுது. எழுத ஏலாட்டி அது நிறுவலே இல்லை.”

வீம்புக்கு எழுதத் தொடங்கினேன். பாதியில் கை நின்றது. விதிகள் எவ்வளவு அசைத்தாலும் ஏறத்தாழ அசையாத ஒன்று இருக்கிறது என்று காட்டியிருந்தோம். அடுத்த வரியிலேயே, முற்றிலும் அசையாத ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தோம். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக நடுவில் ஒரு நியாயமும் இல்லை. அப்படியே அனுப்பியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

“பிழை எங்கயெண்டு தெரிஞ்சிட்டுது தானே, பிறகென்ன?” என்று நீ சிரித்தாய். அடுத்து வந்த ஞாயிறுகளில் அதைச் சரிசெய்தோம். ஏறத்தாழ அசையாத ஒன்று இருந்தால் முற்றிலும் அசையாத ஒன்றும் கட்டாயம் இருக்கும் என்ற தன்மை சில கூட்டங்களுக்கு உண்டு. அவற்றுக்கு மட்டும் எங்கள் நிறுவல் நின்றது. அதைக் கொண்டுதான் எனக்கு இடம் கிடைத்தது. உன் பெயரையும் போடுவோம் என்றால், “கிளார்க்குக்கு எதுக்கடா தேற்றம்?” என்று கேலி செய்தாய். நான் போட்டுத்தான் அனுப்பினேன்.

விமான நிலையத்துக்குப் புறப்படும்போது வான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “அந்தத் தன்மை இல்லாத கூட்டங்களுக்கு என்னெண்டு பார். கடிதத்தில எழுதாத. வந்து பெட்டியில எழுதிக் காட்டு.”

நான் வருவதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது. எத்தனை வருடமாகியும் அது ஆறவில்லை.

ஆனால் இந்த மடல் அழுவதற்காக இல்லை. நீ கேட்டதில் ஒரு வகைக் கூட்டத்துக்கு நேற்று விடை கண்டேன். இங்கே என் அறையில் ஒரு பலகை நிறைய எழுதிவிட்டு, ஈரத் துணியை எடுத்து முழுவதையும் துடைத்தேன். எந்த நிறுவலானாலும் இப்போதும் அப்படித்தான். பிளேன்டீ ஒன்று போட்டுக் குடித்தேன். பிறகு வெண்கட்டியை எடுத்து முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

ஓரிடத்திலும் கை நிற்கவில்லை, மச்சான்.