வீதியின் மறுபக்கத்திலிருந்து

பதுளை,
6 மார்ச் 1980.

அன்புள்ள மச்சானுக்கு உங்கள் லரீபா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஸைனபும் இங்கே சுகம். குவைத் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. வீட்டை விற்கும் உறுதிப் பத்திரத்தில் ஒப்பு வைக்கும் விஷயத்தை இனியும் இழுக்க வேண்டாம், வருகிற கிழமை தம்பி ஹாஷிம் நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போவார் என்று எழுதியிருந்தீர்கள். போன கடிதத்தில் நானும் சரி என்றுதான் எழுதினேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சரியை இந்தக் கடிதத்தில் திரும்பக் கேட்கப் போகிறேன். ஆத்திரப்படாமல் முழுவதையும் வாசியுங்கள். பிடிக்காத இடம் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகிற ஆள் நீங்கள் என்று எனக்குத் தெரியாதா?

முதலில் வீட்டுச் செய்தி. ஸைனபுக்குக் கணக்கு இன்னும் வரவில்லை. அது உங்கள் பக்கத்து வாரிசு, நான் பொறுப்பில்லை. சமையல் கட்டுக் கூரை வழக்கமான இடத்தில் ஒழுகுகிறது, வழக்கமான வாளியைத்தான் வைத்திருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி. அதற்கு மருந்து அனுப்ப வேண்டாம், போன முறை நீங்கள் அனுப்பிய தைலத்தின் நெடியில் பூனையே வீட்டை விட்டுப் போய்விட்டது.

ஹாஷிம் கீழே கடையிலிருந்த துணிகளை எல்லாம் பண்டாரவளைக்கு ஏற்றிவிட்டார். பெயர்ப் பலகையையும் கழற்றிவிட்டார். வாங்கப் போகும் உருளைக்கிழங்கு முதலாளிக்கு வீடு தேவையில்லையாம், நிலம்தான் வேண்டுமாம். உடைத்துவிட்டு மூன்று மாடி சீமெந்துக் கட்டடம் போடுவாராம். கடை பூட்டியதிலிருந்து பலகைத் தளத்துக்குக் கீழே சத்தம் இல்லை. முன்பெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றியதும் அகப்பைக் காம்பால் தளத்தில் இரண்டு தட்டுத் தட்டுவேன். நீங்கள் கீழேயிருந்து துணி அளக்கும் கஜக்கோலால் ஒரு தட்டுத் தட்டினால் வருகிறேன் என்று அர்த்தம். கடையில் ஆள் நிறைந்து கிடந்தால் மூன்று தட்டு. சம்பள ஞாயிறுகளில் தோட்டத்து ஆட்கள் வந்து குவியும்போது மூன்று தட்டாகவே கேட்கும், ஊற்றிய தேத்தண்ணீர் ஆறிப் போகும், எனக்கு உங்கள் மேல் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கும் இப்போது வழியில்லை. நீங்கள் போன புதிதில் ஒரு நாள் மறதியில் தட்டிவிட்டேன். ஹாஷிம் எலி என்று நினைத்து மறுநாள் எலிப்பொறி வாங்கி வந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸைனபின் பள்ளிக்கூடத்துக்குக் குருத்தலாவையிலிருந்து மர்லியா என்று ஒரு சரித்திர டீச்சர் புதிதாக வந்திருக்கிறார். சின்ன வயது, தெளிவான பேச்சு. பௌர்ணமிப் போயா லீவு நாளன்று பிள்ளைகளையும் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு பழைய டவுனை நடந்து காட்டப் போவதாகச் சொன்னாராம். ஸைனப் வந்து, "உம்மா, நீங்களும் வாங்களே, எல்லாருட உம்மாமாரும் வாறாங்க" என்று என் காலைச் சுற்றினாள். பதுளையில் இருந்துகொண்டு பதுளையைப் பார்க்கக் காலை நோக நடப்பதா என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் யோசித்தேன். பதினேழு வருஷமாக இந்த டவுனின் நடுவில் இருக்கிறேன், ஒரு நாளும் இதை நடந்து பார்த்ததில்லை.

உங்களுக்கே தெரியும். வாப்பா இந்த வீட்டை வாங்கி என் பேரில் சீதனமாக எழுதிவைத்து, பண்டாரவளையிலிருந்து திரை போட்ட காரில் என்னை அனுப்பினார். கார் பின் சந்தில் வந்து நின்றது. முன்பக்கம் கடை, அது ஆண்களின் இடம். அன்று தொடங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் எனக்குப் பின் கதவு, பின் சந்து, வாடகைக் கார். யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் போய் வந்தார்கள், நானும் போய் வந்தேன்.

போயா நாள் காலையில் புறப்பட்டோம். பிள்ளைகளோடு நாங்கள் ஏழெட்டுத் தாய்மார், எல்லோர் கையிலும் குடை. பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதாவும் வந்தார். டீச்சர் முதலில் ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனார். கொழும்பிலிருந்து வரும் பாதை இங்கேதான் முடிகிறது என்று காட்டினார். தண்டவாளம் ஒரு கட்டையில் முட்டி நின்றுவிடுகிறது, அதற்கப்பால் புல். நீங்கள் ரயில் ஏறிய இடம் எது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, நானாகவே ஒரு இடத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு முத்தியங்கனை விகாரைப் பக்கம் வந்தோம். போயா அல்லவா, வெள்ளை உடுத்த சனம், மல்லிகைப் பூ வாசம். அங்கிருந்து வெள்ளைக்காரர் கட்டிய பழைய கிறிஸ்தவக் கோயில். கணக்கில்லாமல் யானைகளைச் சுட்ட ஒரு துரை மின்னல் அடித்து இறந்துபோனாராம், அவர் ஞாபகமாகக் கட்டியதாம். யானைகளின் ஞாபகமாக ஏதும் கட்டினார்களா என்று ஸித்தி ஸுபைதா கேட்டார். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எட்டுப் பக்கக் கூரை போட்ட பழைய சந்தைக் கட்டடத்தையும் பார்த்தோம். நீங்கள் கலியாணமான புதிதில் இந்தச் சந்தைப் பக்கமிருந்து எனக்குப் பேரிக்காய் வாங்கி வந்து, உங்கள் உம்மாவுக்குத் தெரியாமல் துணிக் கட்டுக்குள் வைத்து மேலே அனுப்பினீர்களே. துணியெல்லாம் பேரிக்காய் வாசம் என்று நாம் மாட்டிக்கொண்டோமே.

கடைசியாகக் கடைத்தெருவுக்கு வந்தோம். எல்லாம் பூட்டு, வீதியே வெறிச்சோடிக் கிடந்தது. வெயில் ஏறிவிட்டது, முழங்கால் வேறு. டீச்சர் ஒரு கட்டடத்துக்கு எதிரே எங்களை நிறுத்தி, இந்தத் தெருவில் மரத்தாலான மேல்மாடி மிச்சமிருப்பது இது ஒன்றில்தான் என்றார். குடையைச் சாய்த்து நிமிர்ந்து பார்த்தேன். மச்சான், எவ்வளவு அழகு! கூரை விளிம்பு முழுக்க மரத்தில் பூவும் கொடியும் வெட்டியிருந்தது. மேலே வரிசையாக நான்கு ஜன்னல், சாய்ந்த பலகைகள் வைத்த பழைய காலத்து ஜன்னல். பச்சை பூசி மங்கிப் போயிருந்தது. கீழே பலகைக் கதவுகள். வாப்பா எங்களை ஒரு முறை கொழும்புக்குக் கூட்டிப் போனபோதுகூட இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை.

"யாருட ஊடு டீச்சர் இது? நல்ல வடிவா ஈக்கிதே" என்று கேட்டேன்.

டீச்சர், எனக்கும் தெரியாது, இதை விற்கப் போகிறார்களாம், அடுத்த வருஷம் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் காட்டுவதற்கு இருக்காது என்றார். வைத்திருக்கத் தெரியாத மனிதர்கள் என்று நானும் பெரிய மனுஷி போல ஒரு வார்த்தை சொன்னேன். ஸைனப் என் கையைப் பிடித்து இழுத்து, "என்ன உம்மா பேசுறீங்க, இது எங்கட ஊடு! மேல பாருங்க, வாப்பாட சாரன் துண்டு!" என்றாள்.

பார்த்தேன். மூன்றாவது ஜன்னலில் ஒரு பலகை உடைந்த இடத்தில் நீலத் துணி அடைத்திருந்தது. குளிர் காற்று வருகிறதென்று போன மார்கழியில் நான்தான் உங்கள் பழைய சாரனைக் கிழித்து அடைத்தேன். மேலிருந்து நான் பார்த்த வீதி, கீழே நின்று பார்க்க வேறு வீதியாகத் தெரிந்தது. ஹாஷிம் பெயர்ப் பலகையைக் கழற்றாமல் விட்டிருந்தால் அதையாவது வாசித்துத் தப்பியிருப்பேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சொந்த ஊட்ட தெரியாத பொண்டாட்டிய நம்பியா ஒங்கட மாப்புள குவைத்துல ஈக்கிறாரு" என்று ஸித்தி ஸுபைதா என் தோளில் அடித்தார். எல்லோருக்கும் முன்னால் சிரித்தவள் நான்தான். பிறகு குடையைத் தாழ்த்திக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெமோதரைத் தோட்டத்து ரெங்கம்மா ஞாபகம் வந்தது. தீபாவளிக்குத் தீபாவளி நம்மிடம் சீலை எடுப்பாளே, அவள். இந்தியாவுக்கு ஒரேயடியாகப் பயணம் போகுமுன் கடைப் படியால் மேலே ஏறி வந்து என்னிடம் பயணம் சொன்னாள். "பஸ்ஸ விட்டு எறங்குனா மொதல்ல ஒங்க மேல்மாடிதாங்கம்மா கண்ணுக்குத் தெரியும். அந்தா கடை வந்துருச்சுன்னு புள்ளைகளுக்குக் கைய நீட்டிக் காட்டுவேன். இனிமே எங்க போயிப் பாக்கப் போறேன்" என்று அழுதாள். துணி மலிவாகக் கிடைத்த கடையை விட்டுப் போகிற கவலை என்று அன்று நினைத்தேன். நம் வீட்டின் முகம் அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

இதற்காக மட்டும் நான் சரியைத் திரும்பக் கேட்கவில்லை. இன்னொன்று இருக்கிறது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது டீச்சர், இந்த ஜன்னல்கள் எப்போது பார்த்தாலும் மூடியே கிடக்கின்றன, உள்ளே ஆள் இருப்பதே தெரியாது என்றார். உள்ளிருந்து எனக்கு வீதி முழுவதும் தெரியும். பலகைகளுக்கு இடையால் பள்ளிவாசல் முனை வரைக்கும் பார்ப்பேன். வெளியிலிருந்தும் அப்படித்தான் தெரியும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தெரியாது மச்சான். ஒன்றுமே தெரியாது. வெறும் பலகைதான் தெரிகிறது.

நீங்கள் போன அன்று பெட்டியை வைத்துக்கொண்டு அதே இடத்தில்தான் நின்றீர்கள். இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தீர்கள். நான் மூன்றாவது ஜன்னலில் நின்று கை காட்டினேன், கை வலிக்கும் மட்டும் காட்டினேன். நீங்கள் பதிலுக்குக் கையைத் தூக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். இவருக்கு மனசு கல்லாகிவிட்டது என்று அன்று எவ்வளவு ஏசினேன் தெரியுமா? இரண்டரை வருஷமாக அந்தக் கோபத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் உங்களுக்குக் கடிதம் எழுதிவந்தேன். நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு ரயில் ஏறினீர்கள்? வந்து நிற்கக்கூட இவளுக்கு மனமில்லை என்று நினைத்தீர்களா? உங்கள் முதல் கடிதம் நான்கே வரிகளில் வந்ததே, அதனால்தானா?

நான் நின்றேன் மச்சான். நீங்கள் பள்ளிவாசல் முனையில் திரும்பும்வரை நின்றேன். அதற்குப் பிறகும் நின்றேன்.

வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டலாமா என்று யோசிப்பதாகக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். பெரிய விஷயத்தை எல்லாம் கடைசி வரியில் எழுதுவது உங்கள் பழக்கம். வீட்டை விற்றுத் தெஹிவளையில் கடலோரம் வீடு வாங்கினால் ஸைனபின் படிப்புக்கு நல்லது என்கிறீர்கள், மறுக்கவில்லை. நாளைக்கு நானே அந்த வீட்டில் உட்கார்ந்து கடல் காற்று வாங்கிக்கொண்டு இதையெல்லாம் நினைத்துச் சிரித்தாலும் சிரிப்பேன். ஆனால் நீங்கள் இல்லாமல் நான் ஒப்பு வைக்க மாட்டேன். ஹாஷிமிடமும் சொல்லிவிட்டேன். பாவம், அவர் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நீங்கள் வாருங்கள். வீதியின் மறுபக்கத்தில் நாம் இரண்டு பேரும் ஒரு குடையின் கீழ் நின்று இந்த வீட்டை ஒரு முறை பார்ப்போம். பார்த்த பிறகும் விற்போம் என்று நீங்கள் சொன்னால், அன்றைக்கே நொத்தாரிசிடம் வந்து மறுபேச்சில்லாமல் ஒப்பு வைக்கிறேன். இது வாக்கு.

நடந்துவிட்டு வந்த அன்று பின்னேரமே மூன்றாவது ஜன்னலைத் திறந்துவிட்டேன். கொண்டி துருப்பிடித்திருந்தது, ஸைனபும் நானும் சேர்ந்து தள்ளினோம். சாரல் உள்ளே அடிக்கிறது, எதிர்க் கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

உங்களை நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் அல்லாஹ் எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் வரும் நாளில் பின் சந்துக்குப் போக வேண்டாம். கடைப் பூட்டின் திறப்பை ஹாஷிமிடம் வாங்கிக்கொண்டு முன்பக்கமாக வாருங்கள். கஜக்கோல் பழைய இடத்திலேயே இருக்கிறது, அதை மட்டும் நான் பண்டாரவளைக்கு ஏற்ற விடவில்லை. ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள் மச்சான், நான் முன் படியால் இறங்கி வருவேன்.

இப்படிக்கு,
ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும்
உங்கள் லரீபா