சரஸு கண்டெடுத்த தலைப்பு

என் சரஸுவுக்கு,

அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நேற்று என் மாணவி ஒருத்தி, ஆராய்ச்சிக் கட்டுரைக்கு என்ன தலைப்பு எடுப்பதென்று தெரியாமல் என் மேசை முன்னால் நின்றாள். யாரோ சொல்லிக்கொடுத்த பெரிய பெரிய தலைப்புகளாக ஒப்பித்தாள். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது.

நாம் எம்.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம் படித்தபோது நானும் அப்படித்தானே இருந்தேன்? கோயமுத்தூர் போகும் காலை பாசஞ்சரில் உன்னிடம் சொன்னேன், 'துன்பியல் நாடகங்களில் விதி' என்று எடுக்கப்போகிறேன் என. நீ ஜன்னலை விட்டுத் திரும்பினாய்.

"ஏம்புள்ள, அதுல உனக்கு என்ன இருக்குது? போன வாரம் பூரா நீ எதுக்குக் கோவப்பட்டேன்னு நெனச்சுப் பாரு."

நான் கோபப்பட்டது ஒரு நாவலைப் படித்துவிட்டு. பெரிய மாளிகையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அறை அறையாகக் குளிர்காயும் கணப்பு மூட்டும் வேலைக்காரப் பெண்ணுக்கு எழுதியவர் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

"ஆங்கில நாவல்கள்ல வேலைக்காரப் பொம்பளைங்க. இதான் உன்ற தலைப்பு," என்றாய்.

எனக்கு உடம்பே கூசியது. என் அம்மா எங்கள் ஊர் மண்ணரையிலிருந்து நடந்துபோய், ஒரு பனியன் கம்பெனி முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். வகுப்பில் உன்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டால் என்ன சொல்வேன்? நீ தலைப்பை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தாய். பேராசிரியர் அறை வரைக்கும் கூடவே வந்தாய், அவ்வளவுதான்.

அவர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "வேலைக்காரிகளைப் பற்றி நாவலாசிரியர்களே ஒன்றும் சொல்லவில்லை. நீ என்னம்மா சொல்லப்போகிறாய்?"

வாசலில் நின்ற நீதான் பேசினாய். "ஏன் சொல்லலைங்கறதத்தானுங்க சார் அவ எழுதப் போறா."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை அம்மாவிடமும் நீதான் சொன்னாய். "என்னையாட்டம் இருக்கறவங்களப் பத்தி எழுதறதுக்கு என்ன கண்ணு இருக்குது?" என்றாள் அம்மா. அப்படிச் சொன்னவள், விளக்கு வைக்கும் வரை அந்த வீட்டுக் கதைகளை உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முதல்முதலாகக் கேட்டேன்.

ஏன் இந்தத் தலைப்பு என்ற அந்தக் கேள்வியை வாய்மொழித் தேர்வில் கேட்டே விட்டார்கள். "எங்கம்மா வீட்டு வேலை செய்யறாங்க சார்," என்றேன். இன்றைக்கு என் வேலையும் சோறும் அந்தக் கட்டுரையால் வந்தவை. இதை ஒருநாளாவது உன் முகத்துக்கு நேரே சொன்னேனா? சொல்லியிருந்தால் "போ புள்ள" என்றிருப்பாய்.

உன் மகள் பி.யூ.சி.யில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். இங்கிலீஷ் வேண்டாமாம், கெமிஸ்ட்ரிதான் படிப்பாளாம். ஆனால் அவள் பெரியப்பா, "தாயில்லாப் புள்ளைங்க, காலாகாலத்துல கட்டிக் குடுத்தர்றது நல்லதுங்க," என்கிறார். உன் வீட்டுக்காரர் அண்ணன் பேச்சைத் தட்டமாட்டார் என்பது உனக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போகக் குன்னத்தூர் பஸ் ஏறுகிறேன். அவள் என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று கேட்கப்போகிறேன். முடியாது என்றால் அடுத்த ஞாயிறும் போவேன். அவர்கள் சரி என்று சொல்லும்வரை போய்க்கொண்டே இருப்பேன், சரஸு. இது சத்தியம்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
ருக்மணி