காலுறையோடு நடந்த மேற்பார்வையாளர்

லூப்லியானா நகரிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம். நான் நலம். இழுத்து நடக்கும் உங்கள் இடது கால் இப்போது எப்படி இருக்கிறது?

புது ரயில் நிலையத்தில் தரைக்கல் பதித்து முடித்தோம். மேற்பார்வையாளர் பிரேதா பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு அதன்மேல் நடந்தார்.

"என்ன மேடம், பள்ளிவாசலுக்கா வந்திருக்கீங்க?" என்றேன்.

"கண்ணு ஏமாத்தும் ஸெனாத், கால் ஏமாத்தாது. இந்தக் கல்லு தூக்கியிருக்கு, பேத்துப் போடுப்பா."

எரிச்சலோடு நானும் நடந்து பார்த்தேன். கல் தூக்கியிருந்தது ஒரு தாள் கனம்தான், ஆனாலும் விரலில் தட்டியது. பெயர்த்து மறுபடி பதித்தேன். இப்போது நடைமேடை தேங்கிய தண்ணீர்போல் சமமாக இருக்கிறது. அந்த அம்மாள் கெட்டிக்காரிதான்.

அதிலிருந்து நானும் தினமும் அப்படி நடந்து சரிபார்த்து, என் காலுறையெல்லாம் கிழிந்துவிட்டது. நீங்கள் பின்னியதில் இரண்டு ஜோடி வேண்டும். வேலை மணி அடிக்கிறது. தபாலில் அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டுவாருங்கள். காலை இழுத்து நடந்தாலும் இங்கே இடறாது.

உங்கள் ஸெனாத்