என் வீட்டில் அறை காலியில்லையாம்

அனுப்புநர்:
நெல்லா பர்தினி,
ஓய்வு பெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர்,
மூன்றாம் மாடி, கிணற்றுச் சந்து,
சியெனா.

பெறுநர்:
பயணியர் தங்குமிடப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
சியெனா.

பொருள்: என் வீட்டை விடுமுறை விடுதி எனக் காட்டிப் பயணிகளை ஏமாற்றுவதைத் தடுக்கவும், உள்ளறையை முறைப்படி வாடகைக்கு விட அனுமதி வழங்கவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

1. மேற்கண்ட வீடு எனக்குச் சொந்தமானது. நானும் என் பூனையும் மட்டுமே அதில் குடியிருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டை விற்கலாம் என்று எண்ணி, தரகர் மூலம் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தேன். பிறகு மனம் வராமல் விட்டுவிட்டேன். அந்தப் படங்களை யாரோ எடுத்து, அறை பதிவு செய்யும் தளம் ஒன்றில் "கோபுரம் பார்த்த வீடு" என்ற பெயரில் போட்டு, வெளியூர்க்காரர்களிடம் முன்பணம் வாங்கி வருகிறார். என் ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிதான் தெரியும், கோபுரம் தெரியாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. ஜூலைக் குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய நாள் மதியம்தான் இது எனக்குத் தெரியவந்தது. நேப்பிள்ஸிலிருந்து சீரோ, அமேலியா என்ற தம்பதியர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தனர். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். திருமணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, தேனிலவுக்கு வந்திருந்தார்கள். "இது வாடகை வீடு இல்லீங்க, நான் குடியிருக்கிற வீடு" என்றேன். சீரோ தன் ஃபோனை என் கூடத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சோபா இதேதாங்க. மேல படுத்திருக்கிற பூனைகூட இதேதான்" என்றார். அமேலியா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

3. எனக்குத் தெரிந்த விடுதிகளுக்கெல்லாம் பேசிப் பார்த்தேன். "பந்தய வாரத்துல ரூமா, அக்கா? அடுத்த வருஷத்துக்கு வேணா சொல்லுங்க" என்றே எல்லோரும் சொன்னார்கள். எனவே என் படுக்கையறையான உள்ளறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் சோபாவில் படுத்துக்கொண்டேன். பணம் எதுவும் வாங்கவில்லை. அன்று மாலை, பந்தயத்தை முன்னிட்டு எங்கள் பேட்டையின் தெரு விருந்து. நீள மேசையில் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து அவர்களுக்கு இடம் கொடுத்தோம். அமேலியா நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "எங்க கல்யாணத்துக்கே இத்தனை பேர் வரலைங்க" என்று சிரித்தார். பகலில் என் படியில் உட்கார்ந்திருந்த முகமா இது என்று எனக்குத் தோன்றியது.

4. மறுநாளே அந்தத் தளத்துக்குப் புகார் எழுதினேன். வீட்டு உரிமையாளரைத் தொடர்பு கொள்ளுமாறு பதில் வந்தது. உரிமையாளர் நான்தான் என்றாலும், வேறு வழியின்றி அந்தப் போலி நபருக்கும் எழுதிப் பார்த்தேன். மன்னிக்கவும், அறை காலியில்லை என்று அவர் பதில் அனுப்பினார்.

5. அதன் பிறகும் ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். இயன்றவரை தங்கவைத்தேன். முதல் மாடியில் இறைச்சிக்கடைக்காரர் துய்லியோ சென்னி இருக்கிறார். கல் படியில் பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை. "என் மாடிப்படி என்ன ரயில்வே ஸ்டேஷனா?" என்று என்னிடம் கத்திவிட்டுத் தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அனுமதியின்றி யாரையும் தங்கவைக்கக் கூடாது என்று எனக்கு அறிவிப்பு வந்தது. அதைக் கொண்டுவந்த அலுவலர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சட்டப்படி நடந்துகொண்டார், நான் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

6. அறிவிப்புக்குக் கட்டுப்பட்டேன். ஆகஸ்ட் மாதம் நல்ல மழையில் ஹாலந்திலிருந்து மரைக்கே என்ற பெண் இரண்டு பிள்ளைகளுடன் வந்து சேர்ந்தார். சின்னவளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. உள்ளே கூப்பிடவும் முடியாமல், போகச் சொல்ல வாயும் வராமல் நான் அவர்களோடு முதல் மாடிப் படிவரை இறங்கி நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அப்போது துய்லியோவின் கதவு திறந்தது. "இப்படிப் படிய அடைச்சுக்கிட்டு நின்னா மனுஷன் எப்படிப் போறது? வாங்க, எல்லாரும் உள்ள வாங்க!" என்று அதட்டினார். மருத்துவரை வரவழைத்ததும் அவர்தான். எலும்பு சூப் வைத்துக் கொடுத்ததும் அவர்தான். குழந்தை எழுந்து விளையாடும்வரை அவர்களை அனுப்பவில்லை.

7. அவர்கள் ஊருக்குப் போனபின் துய்லியோ என்னிடம் வந்தார். "புகார் குடுத்தது நான்தான் நெல்லா. குடுத்ததத் திரும்ப வாங்கிக்க வழி இருக்கான்னு அந்த அம்மாகிட்டக் கேட்டு எழுது" என்றார். அவர் கையெழுத்திட்ட கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அவர் வீட்டின் பின்னறையும் காலியாகவே இருக்கிறது என்பதையும் சொல்லச் சொன்னார்.

8. ஆகவே, அந்த விளம்பரம் பொய்யானது என்று தங்கள் அலுவலகம் அந்தத் தளத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். நகராட்சி எழுதினால்தான் நீக்குவோம் என்று கடைசியாக எனக்குப் பதில் தந்திருக்கிறார்கள். மேலும், என் உள்ளறையையும் துய்லியோவின் பின்னறையையும் நேரில் பார்வையிட்டு, முறையான அனுமதி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். வருகிறவர்களிடம் ஜன்னலில் என்ன தெரியும் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவோம்.

9. மரைக்கே தன் ஊரிலிருந்து அந்த விளம்பரத்தின் கீழ் நடந்ததை எழுதி, என் தொலைபேசி எண்ணையும் போட்டிருக்கிறார். அதனால் இப்போது ஏமாந்தவர்கள் முன்கூட்டியே என்னை அழைக்கிறார்கள். லிஸ்பனிலிருந்து ஒரு தம்பதி நேற்று அழைத்தார்கள். அவர்கள் அடுத்த வியாழக்கிழமை வருகிறார்கள். "பணம் போனாப் போகட்டும்மா, அங்க வந்தா தங்க இடம் கிடைக்குமா?" என்று அந்தப் பெண் கேட்டார். தங்களை நம்பி, "கிடைக்கும், வாங்க" என்று சொல்லியிருக்கிறேன். நான் சொன்ன சொல் பொய்யாகாமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடம்: சியெனா
நாள்: செப்டம்பர் 4

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
நெல்லா பர்தினி

இணைப்பு: திரு. துய்லியோ சென்னி புகாரைத் திரும்பப் பெறும் கடிதம்.