மிச்சம் வைக்காமல் அறுத்த கழலை

சென்னப்பட்டணம், 1889 சித்திரை.

அன்புள்ள அக்காள் ஞானப்பூ அவர்களுக்குத் தம்பி தேவநேசன் வந்தனத்தோடு எழுதுவது. மாமாவும் பிள்ளைகளும் சுகமா? ஆரணியில் மழை உண்டா?

நம் இருவர் கழுத்திலும் இருந்த கழலையில் என்னுடையது போய்விட்டது. மயக்க மருந்து கொடுத்து அறுத்ததால் வலி தெரியவில்லை. டாக்டர் துரை தம் மாணாக்கருக்கு என் தழும்பைக் காட்டிச் சந்தோஷப்படுகிறார். குரல் மட்டும் திரும்பவில்லை. விரல்களும் அடிக்கடி மடங்கி இறுகிக்கொள்வதால், நான் காதில் முணுமுணுக்க, ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்க வரும் உபதேசியார் இதை எழுதுகிறார்.

குற்றம் என்னுடையது. கொஞ்சம் விட்டுவைப்பதாகத்தான் துரை சொன்னார். "வேணாங்க, மறுபடியும் வளந்துகினு வரும், முழுசா எடுத்துடுங்க" என்று நான்தான் கெஞ்சினேன். பழைய பாவு நூலில் ஒரு முழம் தறியில் விட்டுவைத்தால்தான் புதுப் பாவு நூலைப் பிணைக்க முடியும். அது தெரிந்த நெசவுக்காரன், என் கழுத்துக்கு அதை மறந்தேன். இங்கே என் தறியில் முதலாளி வேறு ஆளை உட்காரவைத்துவிட்டார்.

கம்பளி ஒன்று அனுப்புங்கள். இந்த வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, எனக்குக் குளிர் விடவில்லை; முழுவதும் எடுத்ததால்தான் இப்படி என்கிறார் துரை.

உங்களுக்கு மிச்சம் வைத்தே அறுப்பதாகத் துரை சொல்கிறார். எதிர்க்கட்டில்காரருக்கு அப்படித்தான் அறுத்தார்கள். நேற்றிலிருந்து அந்தக் கட்டில் காலி; அவர் செருப்பு மட்டும் அடியில் கிடக்கிறது.

உபதேசியார் புறப்பட எழுந்துவிட்டார். முதலில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, நல்லதானால் உங்களை அழைப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அழைக்கவில்லை, அக்கா.

தேவநேசன்