அமெரிக்கா அடிக்காது என்று நான் சொன்னது

என் அன்பான துரை அண்ணை,

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் வீட்டுக்கார அக்கா கேட்டார். "அவர் வேலையிடத்தில கதைச்ச அரசியலை எழுதுங்கோ தம்பி. வீட்டில நாங்கள் ஒருத்தரும் காது குடுத்துக் கேக்கேல்லை" என்றார். பத்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் நான். இரண்டாம் தரமும் அது என்னோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஒரு பிழை செய்துவிட்டேன் அண்ணை, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீங்கள் போய் ஆறு மாதத்தில், போன கோடையில், ஈராக் குவைத்தைப் பிடித்தது. அமெரிக்கா சவூதியில் படையை இறக்கியது. எங்கள் கனடாவும் கப்பல் அனுப்பியிருக்கிறது. எகிப்து அமெரிக்காவோடு நிற்கிறது, இவ்வளவு காலமும் அமெரிக்காவைத் திட்டிய சிரியாவும் நிற்கிறது. சிரியா அண்ணை! நீங்கள் இருந்திருந்தால் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழும்பி நின்றிருப்பீர்கள்.

எங்கள் அஜின்கோர்ட் தொழிற்சாலையில், சாப்பாட்டு அறை யன்னலோரம் உங்கள் கதிரை காலியாகக் கிடந்தது. அதில் இருந்துகொண்டு அட்டைப்பெட்டியின் முதுகில் நீங்கள் நாடுகளைக் கீறிக் கீறி அரசியல் சொல்வீர்கள். ஓகஸ்ட் மாதம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்னண்ணை, அமெரிக்கா அடிக்குமோ?" நான் போய் அந்தக் கதிரையில் இருந்துவிட்டேன். என் தொண்டையில் உங்கள் குரல் வந்தது.

"பெரியவன் கையை ஓங்குவான், அடிக்கமாட்டான். அரபு நாடுகள் அவனோட கடைசிமட்டும் நிக்காது."

ஒருவரும் மறுக்கவில்லை. முதல் நாள் இரவு என் மகள்தான் பள்ளிக்கூட அட்லஸில் குவைத் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டித்தந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊரில் ஒரு சண்டைக்குத் தப்பி வந்துவிட்டோம் என்பதால் உலகத்துச் சண்டையெல்லாம் எங்களுக்கு அத்துபடி என்று ஒரு எண்ணம்.

அதோடு விட்டிருக்கலாம். ஒக்டோபரில் என் மனைவி மலரின் தம்பி ரவி சவூதியிலிருந்து போன் எடுத்தான். அங்கே தஹ்ரான் பட்டணத்தில் ஒரு கம்பனியில் ஸ்ரோர் கீப்பராக இருக்கிறான். மலர் வேலைக்குப் போயிருந்தாள்.

"அத்தான், விருப்பமான ஆக்கள் கொழும்புக்குப் போகலாமாம். போனால் திரும்ப எடுக்கமாட்டினமாம். என்ன செய்ய?"

"நில்லடா. அமெரிக்கா அடிக்காது."

வெள்ளை மாளிகையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவன் மாதிரிச் சொன்னேன். மலரிடம் இதைச் சொல்லவில்லை. கம்பனிதான் அவனை விடவில்லை என்று அவள் இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள்.

இன்று ஜனவரி பதினைந்து. குவைத்தை விட்டுப் போக ஈராக்குக்குக் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. சனிக்கிழமை தொடக்கம் ரவிக்கு லைன் கிடைக்கவில்லை. இன்று காலை கிடைத்தது. தூரத்துப் போன் என்றால் நாங்கள் கத்தித்தானே கதைப்போம்? அவன் கத்தியது மலர் சமைத்துக்கொண்டிருந்த குசினி முழுக்கக் கேட்டது.

"அத்தான், எங்களுக்கு நச்சுப் புகைக்கு மாஸ்க் வரேல்லை. கதவிடுக்கில ஈரத்துணி வைக்கட்டாம்."

"பிளேனில இடமில்லையோ?"

"இப்ப எங்க இடம்? நீங்கள்தானே நில் எண்டனீங்கள்! சொல்லுங்கோ, அடிப்பாங்களோ?"

மலர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

அப்போதும் உங்கள் குரல் தொண்டைவரை வந்தது அண்ணை. 'கடைசி நேரத்தில் ஒருத்தன் இறங்கி வருவான்' என்று சொல்ல வாய் உன்னியது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாதடா ரவி. அண்டைக்கும் தெரியாது."

மலர் ரிசீவரை வாங்கினாள். வாளிகளில் தண்ணீர் நிரப்பினாயா, எத்தனை துணி இருக்கிறது, பாஸ்போட் கையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். லைன் அறுந்தது. என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் உங்களை ஆரெண்டு நினைச்சனீங்கள்?"

றேடியோவைப் போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். றேடியோதான் பேசிக்கொண்டிருக்கிறது. அவள் கட்டிவைத்த என் சாப்பாட்டுப் பெட்டி மட்டும் வழக்கம்போல மேசையில் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதேயுங்கோ. உங்களுக்காவது உண்மையில் தெரிந்திருந்ததா அண்ணை? சாப்பாட்டு அறையில் அவ்வளவு அடித்துச் சொல்லிவிட்டு, வேலை முடிந்து பஸ் தரிப்பில் நான் அதையே கேட்டால் ஏன் பேசாமல் நிற்பீர்கள்?

இன்று பின்னேரம் வேலைக்குப் போவேன். அவர்கள் கேட்பார்கள். உங்கள் கதிரையில் இருக்காமல், நின்றுகொண்டே சொல்வேன்: "என்ர மச்சான் அங்க நிக்கிறான். நான் நிக்கச் சொல்லித்தான் நிக்கிறான்." இது உங்களுக்குச் செய்து தரும் சத்தியம்.

இப்படிக்கு,
ரவியின் அத்தான்,
உங்கள் தம்பி நடேசன்